காத்திருக்கும் செவி

கையில் ஏந்திப் பேசும் கம்பியில்லாக் கருவியை, அதாவது நம் மக்கள் வாயில் 'வாக்கி டாக்கி' என்று வழங்கும் அந்தச் சிறு யந்திரத்தை, வீட்டு உபயோகத்திற்கென்று வாங்கப் போகிறவர், புயலும் வெள்ளமும் வந்து தொலைபேசி ஊமையாகிவிட்ட நாளில் மனைவி மக்களோடு இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்ற நியாயமான கவலையோடுதான் கடைப்படி ஏறுகிறார். ஏறியவுடன் அவர் கேட்கும் முதற் கேள்வி, 'இது எவ்வளவு தூரம் பேசும்?' என்பதாகவே இருக்கும். கேள்வியில் பிழை இல்லை. ஆனால் இக்கருவி பிறந்து வளர்ந்த சரித்திரத்தை நிதானமாகப் படித்துப் பார்க்கிறவருக்கு, அதன் ஒவ்வோர் அத்தியாயத்திலும் வேறொரு கேள்வி தலைகாட்டுவது புலனாகும்: 'நான் பேசுகிற வேளையில் மறுமுனையில் செவி கொடுத்துக் காத்திருப்பவர் யார்?' இந்த இரண்டாவது கேள்விக்கு மனிதர்கள் அவ்வப்போது கண்ட விடைகளையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கதை கானடா தேசத்தின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைக்காடுகளில் தொடங்குகிறது. 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கானடாவுக்கு வந்து சேர்ந்த டொனால்ட் ஹிங்ஸ் என்பவர், அம்மாகாணத்தில் சுரங்கத் தொழில் நடத்தி வந்த ஒரு பெரிய கம்பெனியில் ரேடியோ வேலை பார்த்து வந்தார். சாலையே இல்லாத வனாந்தரங்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் சிறு விமானங்களில் ஏற்றிச் செல்வது அக்காலத்துச் சுரங்கக் கம்பெனிகளின் வழக்கம். விமானம் பழுதுபட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டால், விமானி பிழைத்திருந்தும் பயன் இல்லை. அவர் இருக்குமிடம் உலகத்துக்குத் தெரியாது. இந்த அவலத்திற்குப் பரிகாரமாகவே 1937-இல் ஹிங்ஸ், ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய, பேசவும் கேட்கவும் வல்ல ஒரு பெட்டியைச் செய்தார். யுத்தத்திற்காகச் செய்யப்பட்டது என்று பலரும் நினைக்கிற இந்தச் சாதனம், உண்மையில் காட்டில் வழி தவறியவனை வீட்டுக்கு அழைத்து வருவதற்காகச் செய்யப்பட்டது என்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த ஆறுதல் உண்டாகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரத்தில், ஆல் கிராஸ் என்ற வாலிபர் தம் வீட்டிலேயே இதே முயற்சியில் மூழ்கியிருந்தார். ஒன்பது வயதுச் சிறுவனாக ஈரி ஏரியில் ஒரு நீராவிக் கப்பலில் பிரயாணம் செய்தபோது அதன் வயர்லெஸ் அறையைக் கண்டு மயங்கியவர் அவர். பதினாறாம் வயதில் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றார். 1938-இல், இருபது வயதில், கையடக்கமான ஒரு கருவியைச் செய்து முடித்தார். இருவரில் முன்னவர் யார் என்ற வாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. ஒரு தேவை காலத்தில் கனியும்போது, ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே சமயத்தில் அதைப் பறிக்கக் கை நீட்டுவது விஞ்ஞான சரித்திரத்தில் புதிதல்ல. ஆகையால் அந்த வாதத்தை அப்படியே விட்டு மேலே செல்வோம்.

1939 செப்டம்பரில் கானடா ஜெர்மனியின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. வனத்துக்காகப் பிறந்த கருவி படையில் சேர்க்கப்பட்டது. அமெரிக்க ராணுவத்துக்காகச் சிகாகோவின் கால்வின் கம்பெனி (பிற்காலத்தில் மோட்டோரோலா என்று பெயர் மாற்றிக்கொண்டது இதுவே) இரு வகைக் கருவிகளைச் செய்து கொடுத்தது. முதலாவது, 'எஸ்.சி.ஆர். 536' என்ற எண்ணும் 'ஹாண்டி டாக்கி' என்ற செல்லப் பெயரும் கொண்டது. ஐந்து வால்வுகள், ஐந்து ராத்தல் எடை. ஒரு கையால் தூக்கி முகத்தோடு வைத்துப் பேசலாம். இரண்டாவது, 1943-இல் வந்த 'எஸ்.சி.ஆர். 300', இது பதினெட்டு வால்வுகளும் முப்பத்தைந்து ராத்தல் அளவு எடையும் உள்ள முதுகுச் சுமை. 'வாக்கி டாக்கி' என்ற பெயர் அன்று இந்த முதுகுச் சுமைக்கே உரியதாக இருந்தது. நாளடைவில் பெரியதன் பெயர் சிறியதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தச் சிறிய ஐந்து ராத்தல் கருவியின் அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் இன்று ஒரு குடும்பத்துக்குக் கருவி தேர்ந்தெடுப்பவர் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் சுவிட்சு என்று தனியாக ஒன்று கிடையாது. ஏரியல் கம்பியை வெளியே இழுத்தால் கருவி விழித்துக்கொள்ளும், உள்ளே தள்ளினால் உறங்கிவிடும். சானல் மாற்றும் திருகு கிடையாது. உள்ளே பொருத்தப்பட்ட ஸ்படிகத் துண்டு எந்த அதிர்வெண்ணுக்கு வெட்டப்பட்டதோ, அந்த ஒரே அதிர்வெண்ணில்தான் அது பேசும், கேட்கும். ஆகவே ஒரு படைப்பிரிவினர் களத்துக்குப் புறப்படுமுன்பே எல்லோருடைய கருவியிலும் ஒரே ஸ்படிகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாக வேண்டும். புறப்பட்ட பிறகு எவரும் தவறிப்போய் வேறு சானலில் நின்றுகொண்டு கூவ முடியாது. பேசும் எல்லையோ, நிலத்தில் சுமார் ஒரு மைல்தான். அந்த ஒரு மைலை நம்பி ஆயிரக்கணக்கான வாலிபர்கள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கினார்கள். பீதியில் கை நடுங்கும் மனிதனுக்கு எத்தனை குறைவான திருகுகளும் பொத்தான்களும் கொடுக்கிறோமோ அத்தனை நல்லது என்பதை அக்கருவியைச் செய்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

முதுகுச் சுமைக் கருவியோ வேறொரு பெருமை உடையது. டான் நோபிள் என்ற பொறியாளரின் வற்புறுத்தலால் அது எஃப்.எம். முறையில் செய்யப்பட்டது. இரைச்சலை அடக்கிக் குரலைத் தெளிவாகத் தரும் அந்த முறைக்கு 1933-இல் காப்புரிமை பெற்றிருந்த எட்வின் ஆர்ம்ஸ்டிராங், யுத்தகாலம் முழுவதும் ராணுவம் அதைப் பணம் ஏதும் கொடாமலே பயன்படுத்திக்கொள்ள அநுமதித்தார். இன்றைக்கு வீட்டில் பிள்ளைகள் வைத்துப் பேசும் கருவியிலும் நடப்பது அதே எஃப்.எம். முறைதான்.

ஜப்பான் சரணடையும் முன்பே, 1945 ஜூலையில், அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையத்தின் அங்கத்தினரான ஈ. கே. ஜெட், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். சிப்பாயின் கையிலிருந்த இந்தச் சாதனத்தைச் சாமான்யக் குடிமக்களின் கையிலும் கொடுப்பதே அதன் கருத்து. அவ்வாறே 'சிட்டிசன்ஸ் ரேடியோ' என்ற ஏற்பாடு பிறந்தது. 460 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒரு துண்டு ஆகாசம் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. முன்னே சொன்ன ஆல் கிராஸின் கருவிக்கே 1948-இல் முதல் அநுமதி கிடைத்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஆயினும் அந்த உயர்ந்த அதிர்வெண்ணில் ஒழுங்காக வேலை செய்யும் கருவி அந்நாளில் விலையுயர்ந்ததாக இருந்தபடியால் எண்ணம் எங்கும் பரவவில்லை. 1958-இல் ஆணையம் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருபத்து மூன்று சானல்களைத் திறந்துவிட்டது. விலை இறங்கிற்று, கூட்டம் ஏறிற்று.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பதினோரு மீட்டர். அதற்கு ஏற்ற கால் அலை ஏரியலோ ஆளைவிட உயரமாக, இரண்டே முக்கால் மீட்டர் இருக்க வேண்டும். லாரியின் கூரையில் நட்டால் சரி, கையில் பிடித்து நடக்க முடியுமா? ஆகையால் அந்தக் காலத்துக் கைக்கருவிகள் குட்டை ஏரியலோடு திணறின. 1960-களில் டிரான்சிஸ்டர் வந்து கடைகளை நிறைத்த சிறு கருவிகள், நூறு மில்லிவாட் சக்தியோடு, தெருவின் இக்கோடிக்கும் அக்கோடிக்குமாகக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகவே நின்றுவிட்டன. 462 மெகாஹெர்ட்ஸிலோ கால் அலை ஒரு சாணுக்கும் குறைவு. ஜெட் காட்டிய இடம் முதலிலேயே சரியான இடம்; யந்திரங்கள் அங்கே மலிவாக வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒரு காரியம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, லாரி ஓட்டுநர்கள் பெட்ரோல் பங்கு எங்கே திறந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள, அமெரிக்கா முழுவதும் அந்த 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மோகம் பிடித்து ஆட்டிய கதையை நான் சொல்லவில்லை. அது பலர் அறிந்தது. அதற்குப் பதினோர் ஆண்டுகள் முன்பே, 1962-இல், சிகாகோ நகரில் சில தொண்டர்கள் கூடி 'ரியாக்ட்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் செய்த தொண்டு பேசுவதன்று, கேட்பது. சாலையில் கார் கவிழ்ந்தவனோ, பனியில் சிக்கியவனோ கூப்பிட்டால் செவியில் விழவேண்டும் என்பதற்காக, முறை வைத்துக்கொண்டு தத்தம் வீட்டில் ரேடியோவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். குரல் வந்தால் போலீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொன்னார்கள். 1970-இல் ஒன்பதாம் சானல் அவசரத்துக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. சம்பளம் இல்லை, புகழ் இல்லை. மணிக்கணக்கில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கடினமான தபசு என்பதை ஒருநாள் முயன்று பார்த்தவர்களே அறிவர்.

இந்தத் தபசின் மூலத்தைத் தேடிப்போனால் கடலில் போய் நிற்போம். 1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, அதற்கு மிக அருகில் கலிபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் வயர்லெஸ் கருவி இருந்தது; கருவியை இயக்க ஒரே ஒரு வாலிபர் இருந்தார். நாள் முழுதும் உழைத்த அவர், மோதல் நிகழ்வதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்புதான் காதுக்குழலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். சுமார் 58 கடல் மைலுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த கார்பேத்தியா கப்பலின் இளைஞரும் படுக்கப் போகிற நேரம்தான். ஆனால் உடை மாற்றும்போதும் காதுக்குழல் அவர் காதிலேயே இருந்தது. 700-க்கு மேற்பட்ட உயிர்கள் பிழைத்தது அந்த இளைஞரின் காதினால். பக்கத்தில் இருந்தவன் உறங்கினான், தூரத்தில் இருந்தவன் கேட்டான். தூரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்கள் இந்த ஓர் இரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன்பின் கடல் உலகம் ஓர் அழகான வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. கப்பல்களின் வயர்லெஸ் அறைச் சுவரில் மாட்டிய கடிகாரத்தின் முகத்தில், பதினைந்தாவது நிமிஷத்திலிருந்து பதினெட்டு வரைக்கும், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும் சிவப்பு வர்ணம் தீட்டியிருந்தார்கள். முள் அந்தச் சிவப்பில் நிற்கும் மூன்று நிமிஷமும், உலகத்துக் கடல்களிலுள்ள கப்பல்கள் எல்லாம் 500 கிலோஹெர்ட்ஸில் தம் பேச்சை நிறுத்திவிட்டு மௌனமாகச் செவி சாய்த்தன. பலவீனமான குரல் எங்கேனும் ஒன்று இருந்தால் அப்போது கேட்கட்டும் என்பதற்காக. வாய்ப்பேச்சு ரேடியோவுக்கு வேறு நிமிஷங்கள். அவற்றுக்குப் பச்சை வர்ணம். மணிக்கு இருமுறை பூமி முழுவதும் மௌனம் அநுஷ்டித்த இந்த ஏற்பாட்டைவிட உயர்ந்த நாகரிகச் சின்னம் ஒன்றை அந்த நூற்றாண்டில் காட்டுவது அரிது என்பது என் அபிப்பிராயம்.

இனி வீட்டுக்குத் திரும்புவோம். 1994-இல் ரேடியோ ஷாக் என்ற வியாபார ஸ்தாபனம் விண்ணப்பம் போட, 1996-இல் அமெரிக்க ஆணையம் 'ஃபேமிலி ரேடியோ சர்வீஸ்' என்ற பெயரிலேயே ஒரு பிரிவை அமைத்தது. பதினான்கு சானல்கள், அரை வாட் சக்தி, கழற்ற முடியாத ஏரியல். உரிமமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். ஐரோப்பாவில் அதே தசாப்தத்தின் இறுதியில் 446 மெகாஹெர்ட்ஸில் இதற்கொரு சகோதரன் பிறந்தான். 2017-இல் அமெரிக்கச் சானல்கள் இருபத்திரண்டாக உயர்ந்தன. சிலவற்றில் இரண்டு வாட் வரை சக்தியும் அநுமதிக்கப்பட்டது.

வியாபாரிகள் அட்டைப் பெட்டியின் மேல் முப்பது மைல், முப்பத்தைந்து மைல் என்று அச்சடிக்கத் தொடங்கியதும் இக்காலத்திலேதான். மலையுச்சியில் ஒருவரும் எதிரே தடையற்ற பள்ளத்தாக்கில் ஒருவருமாக நின்றால் அது பொய்யாகாது. சமதரையில் நிற்கும் மனிதனின் கண்ணுக்கு அடிவானம் நான்கு ஐந்து கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. இந்த அலைகளும் ஏறக்குறைய கண்பார்வை போலவே நேர்கோட்டில் செல்பவை. இடையில் சுவரும் மரமும் மாடி வீடுகளும் நின்றால் ஒரு கிலோமீட்டர் கிடைப்பதே பாக்கியம். மாடியில் ஏறி நின்று பேசுவதால் கிட்டும் லாபம், சக்தியை இரட்டிப்பாக்குவதால் கிட்டுவதில்லை.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, 'பிரைவசி கோட்' என்று பெட்டியில் போட்டிருக்கும் ஒரு வசதி. பெயரைப் பார்த்து, பேச்சு ரகசியமாக இருக்கும் என்று எண்ணுகிறார்கள், இருக்காது. அந்தக் குறி நம் பேச்சை மறைப்பதில்லை, பிறர் பேச்சு நம் காதில் விழாமல் கதவை மட்டும் சாத்துகிறது. வெள்ளம் சூழ்ந்த இரவில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு குரல் அதே சானலில் உதவி கேட்டால், குறி போட்டு வைத்த வீட்டின் கருவி ஊமையாகவே இருக்கும். அபாய காலத்துக்கென்று வாங்குகிறவர்கள் அதை அணைத்து வைப்பதே நல்லது. பேட்டரியும் அப்படித்தான்: மின்சாரமே இல்லாத நாளுக்காக வாங்கும் கருவி, மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினால்தான் உயிர் பெறும் என்றால் என்ன செய்வது? மூலைக் கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரிக் கட்டையையும் ஏற்கும் கருவியே குடும்பத்துக்கு ஏற்றது.

நம் தேசத்தின் கதை வேறு விதம். 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டம், இத்தகைய கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் 1942-இல் காங்கிரஸ் ரேடியோவை மறைவாக நடத்திய சில மாதங்கள் அந்நிய அரசை எவ்வளவு கலக்கின என்பதை நினைத்தால், அதன் அச்சத்தின் காரணம் விளங்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கட்டு நெடுங்காலம் தளரவில்லை. இன்று 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிகளுக்கு, 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் வேண்டியதில்லை; கருவிக்கு முறையான அங்கீகாரம் மட்டும் இருக்க வேண்டும். இணைய அங்காடிகளில் அதிர்வெண்ணும் அங்கீகாரமும் சொல்லாமல் கண்டபடி விற்றதைக் கண்டு, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் நோட்டீஸுகள் அனுப்பி, நெறிமுறைகளும் வகுத்தது. வெளிநாட்டிலிருந்து பந்துக்கள் அன்போடு வாங்கி வரும் அமெரிக்க 462 மெகாஹெர்ட்ஸ் கருவி இங்கே இந்த விலக்குக்குள் வராது என்பதைப் பலர் அறிவதில்லை. பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் பரீட்சை எழுதிப் பெறக்கூடிய அமெச்சூர் உரிமம் ஒன்றும் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவரேனும் அதைப் பெறுவது நலம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அந்த உரிமம் பெற்றவர்களால் நேர்ந்த நன்மையை 2004 டிசம்பரில் கண்டோம். பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு சிறு குழுவினர், பல ஆண்டுகள் அமெச்சூர் ரேடியோ மௌனமாகக் கிடந்த அந்தமான் தீவுகளிலிருந்து உலகத்தாரோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் சென்று, ஒரு ஹோட்டலின் மாடியில் ஏரியல் கட்டியிருந்தார்கள். 26-ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது, கடல் எழுந்தது, தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயின. பொழுதுபோக்குக்காக நட்ட ஏரியல் அன்றிலிருந்து தீவுகளையும் தாய்நாட்டையும் இணைக்கும் பாலமாயிற்று. தமிழ்க் குடும்பங்களும் நிறைய வாழும் அத்தீவுகளிலிருந்து, இன்னார் உயிரோடிருக்கிறார் என்ற ஒற்றை வரிச் செய்தி கரையிலுள்ள உறவினருக்குப் போய்ச் சேர்ந்தது.

தூரம் முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களின் மீனவர்கள், கரையிலிருந்து எழுப்பும் எந்தக் குரலும் எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்கள் படகிலும் வயர்லெஸ் செட்டு உண்டு. கேட்கும் செவியும் உண்டு. அலைதான் அத்தனை தூரம் வளைந்து செல்லாது. கரையில் நாட்கணக்கில் நின்ற பெண்களின் துயரத்துக்கு முன்னால் என் வாதம் தலைகுனிகிறது. ஒரே ஊருக்குள், ஒரு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையில், நிற்கும் குடும்பத்தைப் பற்றியே நான் பேசுகிறேன்.

அத்தகைய குடும்பத்துக்கு அமெரிக்க அமெச்சூர்கள் 1990-களில் வகுத்துக்கொண்ட ஒரு வழக்கத்தைச் சொல்லலாம். மலைக்காடுகளில் அலைகிறவர்கள் பேட்டரியைக் காப்பாற்றவும் வேண்டும், பிறர் குரலைக் கேட்கவும் வேண்டும் என்று யோசித்து, காலை ஏழு மணி தொடங்கி மூன்று மணிக்கு ஒருமுறை, 146.52 மெகாஹெர்ட்ஸில், ஐந்து நிமிஷம் கருவியைத் திறந்து வைப்பது என்று தீர்மானித்தார்கள். ஏழு, பத்து, ஒன்று, நான்கு, மறுபடி ஏழு, பத்து. கப்பல் கடிகாரத்தின் சிவப்பு வர்ணம் மலையேறியவன் மனத்தில் வந்து படிந்ததைப் போன்றது அது. அநேக நாட்களில் அந்த ஐந்து நிமிஷத்தில் காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. பாறையின் மேல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கருவியை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த மணிக்காக அவர்கள் மேலே நடக்கிறார்கள்.